கோர்ச்சுலாவில் காட்டும் மார்க்கோ போலோ வீட்டை நம்பலாமா, அங்கே போகலாமா?

கேள்வி இதுதான்: "செப்டம்பரில் குடும்பத்தோடு வெனிஸ் போகிறோம். அங்கிருந்து குரோவேஷியாவுக்கும் போகத் திட்டம். கோர்ச்சுலா என்ற தீவில் மார்க்கோ போலோ பிறந்த வீடு இருக்கிறது என்கிறார்கள். அவர் வெனிஸ்காரர் என்றுதானே படித்தோம்? எது சரி? அந்த வீட்டுக்காக இரண்டு நாளை ஒதுக்கலாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் மார்க்கோ போலோ பிறக்கவில்லை. அந்தத் தீவில் பிறந்தார் என்பதற்கும் அவர் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் போங்கள். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இடங்களில் நான் பார்த்தவற்றுள் என் மனத்தில் அதிகம் தங்கியது கோர்ச்சுலாதான். அதற்குக் காரணம் அந்த வீடு அல்ல. வீட்டுக்கு முன்னால் இருக்கும் கடல். அதை விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

கோர்ச்சுலா பழைய ஊர் ஒரு சின்ன மூக்குப்போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றி மதில், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு நேர்த் தெரு, அதிலிருந்து இரு பக்கமும் மீன்முள் போலப் பிரியும் சந்துகள். புனித மார்க் பேராலயத்தைத் தாண்டி ஒரு சந்தில் இறங்கினால் அந்த வீடு வரும். பெரிய மாளிகை என்று எதிர்பார்க்க வேண்டாம். இடிபாடும் மிச்சச் சுவர்களுமாக உள்ள ஒரு கல் வீடு, அதை ஒட்டி ஒல்லியான ஒரு கோபுரம். கோபுரத்தின் உச்சியில் நின்றால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் நீலமாக ஒரு கால்வாயும், எதிர்க்கரையில் பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்தின் மொட்டைப் பாறை மலையும் தெரியும். அந்த மலை 961 மீட்டர் உயரம். கால்வாய் அவ்வளவு குறுகல் என்பதால் மலை தலைக்கு மேல் நிற்பதுபோல் இருக்கும்.

கட்டடத்தின் சன்னல் வளைவுகளையும் கல் வேலையையும் பார்த்தாலே தெரிந்துவிடும், அது மார்க்கோ போலோ இறந்து நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து எழுந்தது என்று. அவர் 1254இல் பிறந்து 1324இல் இறந்தவர். "இந்த வீடு இல்லை, இதே இடத்தில் முன்பு இருந்த வீடு" என்று உள்ளூர் வழிகாட்டிகள் சொல்வார்கள். அதையும் நிறுவ வழி இல்லை.

சரி, எதை வைத்துத்தான் கோர்ச்சுலா உரிமை கொண்டாடுகிறது? முதல் காரணம் குடும்பப் பெயர். தெப்போலோ என்ற குடும்பம் அந்தத் தீவில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. வீடு இருக்கும் சந்துக்கே அந்தப் பெயர்தான். ஆனால் அந்தக் குடும்பம் பற்றிய பதிவுகள் மார்க்கோவுக்குப் பிந்தியவை. இரண்டாவது காரணம், போலோ குடும்பத்தின் பூர்வீகம் டால்மேஷியக் கரை, அதாவது இன்றைய குரோவேஷியாவின் கடற்கரை, என்று வெனிஸிலேயே ஒரு பேச்சு இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் குடும்பங்களின் வம்சாவளிகளைத் தொகுத்தவர்கள், போலோக்கள் 11ஆம் நூற்றாண்டில் ஷிபெனிக் நகரிலிருந்து வந்தவர்கள் என்று எழுதிவைத்தார்கள். கவனியுங்கள்: அவர்கள் சொன்ன ஊர் ஷிபெனிக், கோர்ச்சுலா அல்ல. ஷிபெனிக் அதே கரையில், ஸ்பிளிட் நகருக்கும் வடக்கே இருக்கிறது. அதுவும் மார்க்கோ பிறப்பதற்கு இருநூறு ஆண்டுக்கு முந்தைய நிகழ்ச்சியைப் பற்றி, அவர் இறந்து இருநூறு ஆண்டுக்குப் பிறகு எழுதியது. பூர்வீகம் ஒன்று, பிறந்த ஊர் ஒன்று. நம் ஊரிலும் எத்தனை குடும்பங்களுக்குக் குலதெய்வம் ஒரு மாவட்டத்திலும் பிறந்த வீடு வேறொரு மாவட்டத்திலும் இருக்கிறது!

பெயரின் பொருளை வைத்தும் ஒரு வாதம் உண்டு. லத்தீனில் கோழிக்குஞ்சுக்கு உள்ள சொல்லிலிருந்து போலோ வந்தது, குரோவேஷிய மொழியில் அதே பொருள் தரும் பிலிச் என்ற பெயர்தான் அவர்களுடைய உண்மையான பெயர் என்பார்கள். வெனிஸ்காரர்கள் அதற்கு, போலா என்றால் எங்கள் பேச்சில் காக்கை இனத்துப் பறவை, போலோக்களின் குடும்பச் சின்னத்தில் இருப்பது அதுதான் என்பார்கள். இந்தப் பறவைச் சண்டையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பவுலோ, பவுல், பாவுலு என்று கிறிஸ்தவ உலகமெங்கும் பரவிய பெயரும் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. மார்க்கோவின் பெயரை லத்தீன் பத்திரங்களில் பவுலோ என்றே எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு விஷயம், இது எனக்குப் பிடித்தது. 1250களின் நடுவில்தான் மர்சீலியோ சோர்சி என்ற வெனிஸ் பிரபு கோர்ச்சுலாவை அடித்துப் பிடித்தார். அதன் பிறகு சோர்சி குடும்பம் நூறு ஆண்டு அங்கே பிரபுக்களாக இருந்தது. அதாவது மார்க்கோ பிறந்த அதே சமயத்தில் அந்தத் தீவு வெனிஸின் கைக்கு வந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லி, வெனிஸ் வணிகர் ஒருவரின் மனைவி அங்கே இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இருந்திருக்கலாம். ஆனால் அடிதடி நடக்கும் இடத்தில் கர்ப்பிணி மனைவியை வைத்துவிட்டு ஒரு வணிகர் கான்ஸ்டான்டினோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) கப்பல் ஏறுவாரா என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்போது வெனிஸ் பக்கம் வருவோம். அங்கே ஆதாரம் மலைபோல் குவிந்திருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பிறப்பைப் பொறுத்தவரை அப்படி இல்லை. ஞானஸ்நானப் பதிவேடுகளை ஒழுங்காக வைக்கும் வழக்கமே 16ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. 1254 என்ற ஆண்டைக்கூட நாம் கணக்குப் போட்டுத்தான் எடுத்திருக்கிறோம். மார்க்கோவின் பயண நூலிலேயே வருகிறது: அவருடைய அப்பா நிக்கோலோவும் சித்தப்பா மஃபேயோவும் முதல் ஆசியப் பயணம் முடித்து 1269இல் வெனிஸ் திரும்புகிறார்கள். நிக்கோலோ வீட்டுக்குப் போனால் மனைவி இறந்துபோயிருக்கிறார். 15 வயதில் மார்க்கோ என்று ஒரு மகன் நிற்கிறான். 1269இலிருந்து 15ஐக் கழித்தால் 1254. அவ்வளவுதான். அந்த நூலுக்கு நூற்றுக்கும் மேல் கையெழுத்துப் படிகள் உண்டு, சில படிகளில் அந்த வயது 12, சிலவற்றில் 19 என்று மாறுகிறது. நான் 15ஐத்தான் ஏற்கிறேன், பெரும்பாலான ஆய்வாளர்களும் அப்படியே.

ஆனால் அந்த ஒரு வாக்கியம் போதும், பையன் வளர்ந்தது வெனிஸில் என்று காட்ட. நூலின் முதல் பக்கமே அவரை வெனிஸ் குடிமகன் என்று அழைக்கிறது. மனைவி டொனாத்தா வெனிஸ்காரி. ஃபந்தீனா, பெல்லேலா, மொரேத்தா என்ற மூன்று மகள்களும் அங்கே வாழ்ந்தவர்கள். 1324 ஜனவரியில், படுத்த படுக்கையாக இருந்தபோது, பாதிரியாரும் எழுத்தருமான ஒருவரை வரவழைத்து உயில் எழுதச் செய்தார். ஆட்டுத்தோலில் எழுதிய அந்த உயில் இன்றும் வெனிஸின் மார்ச்சானா நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. மகள்களுக்குச் சொத்து, தேவாலயங்களுக்குக் கொடை, தாத்தாரியர் பேதுரு என்ற தம் அடிமைக்கு விடுதலை என்று வரிசையாகப் போகும் அதில் அவர் தம்மை வெனிஸின் இன்ன பேட்டையைச் சேர்ந்தவர் என்றே சொல்கிறார். கோர்ச்சுலா என்ற பெயர் அதில் எங்கும் வரவில்லை.

வெனிஸில் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு கல்வெட்டு இருக்கிறது. ரியால்டோ பாலத்திலிருந்து சில நிமிட நடை, சான் ஜொவான்னி கிரிசோஸ்தமோ தேவாலயத்துக்குப் பின்னால் மாலிப்ரான் நாடக அரங்கம். அதன் பக்கத்தில் கோர்த்தே செகோண்டா தெல் மில்லியோன் என்று ஒரு முற்றம். மில்லியோன் என்பது மார்க்கோவுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர். 1305ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றிலேயே அந்தப் பெயரோடு அவரைக் குறித்திருக்கிறார்கள். முற்றத்துக்குள் நுழையும் இடத்தில் விலங்குகளும் இலைகளும் செதுக்கிய பழைய பைசாந்தியக் கல் வளைவு ஒன்று இருக்கிறது. அது மார்க்கோவின் காலத்துக்கும் முந்தையது. அங்கிருந்து வெளியே வந்து அரங்கத்தின் பக்கச் சுவரைப் பாருங்கள். 1881இல் நகராட்சி பதித்த கல்வெட்டு. "ஆசியாவின் தொலைதூர நாடுகளில் பயணம் செய்து அவற்றை விவரித்த மார்க்கோ போலோவின் வீடுகள் இங்கே இருந்தன" என்கிறது.

வீடுகள் இருந்தன. பிறந்தார் என்று அந்தக் கல்வெட்டு சொல்லவே இல்லை. அதை எழுதியவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். அந்தப் பேட்டையில் போலோக்கள் வீடு வாங்கியது, 1295இல் 24 ஆண்டுப் பயணம் முடிந்து மார்க்கோ திரும்பி வந்த காலத்தை ஒட்டித்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதற்கு முன் அந்தக் குடும்பம் இருந்தது சான் செவேரோ பேட்டையில். மார்க்கோவின் பெரியப்பா, அவர் பெயரும் மார்க்கோதான், 1280இல் எழுதிய உயில் அதைக் காட்டுகிறது. அந்தப் பெரியப்பாவுக்குக் கான்ஸ்டான்டினோபிளில் தொழில், கிரிமியாவின் சுதாக் துறைமுகத்தில் ஒரு வீடு. கடல் வணிகக் குடும்பம் என்றால் இப்படித்தான். பிள்ளைகள் எந்தத் துறைமுகத்திலும் பிறக்கலாம். ஆகவே வெனிஸில் பிறந்தார் என்பது மிக நியாயமான முடிவு, நானும் அதைத்தான் நம்புகிறேன்; ஆனால் "இதோ இந்த வீட்டில்" என்று விரல் நீட்ட வெனிஸிலும் ஆள் இல்லை. மார்க்கோவின் வீடும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீயில் போய்விட்டது. அந்த இடத்தில்தான் 1678இல் நாடக அரங்கம் எழுந்தது.

இவ்வளவு மெல்லிய விஷயத்துக்கு எவ்வளவு கோபம் கிளம்பும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2011இல் சீனாவின் யாங்சோ நகரில் மார்க்கோ போலோ அருங்காட்சியகம் ஒன்றைக் குரோவேஷியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஸ்தியெபான் மேசிச் திறந்துவைத்தார். அங்கே மார்க்கோவைக் குரோவேஷியாவில் பிறந்தவராகப் பேசியதும் இத்தாலியப் பத்திரிகைகள் கொதித்துப் போயின. எனக்கு இது வருத்தமாக இருந்தது. மார்க்கோ பிறந்தபோது இத்தாலி என்று ஒரு நாடும் இல்லை, இன்றைய எல்லைகளோடு குரோவேஷியாவும் இல்லை. ஏட்ரியாடிக் கடலின் இரு கரையிலும் ஒரே வணிகம், ஒரே கப்பல்கள், வெனிஸின் சின்னமான ஒரே புனித மார்க்கின் சிறகுள்ள சிங்கம். கோர்ச்சுலாவின் சுவர்களிலும் அந்தச் சிங்கத்தை நீங்கள் பார்ப்பீர்கள்.

இனி அந்தக் கடல்.

1298 செப்டம்பர் தொடக்கம். ஜெனோவாவும் வெனிஸும் கருங்கடல், கிழக்கு மத்தியதரைக்கடல் வணிகத்துக்காகப் பல ஆண்டுகளாகப் போரிட்டுக்கொண்டிருந்தன. லம்பா டோரியா என்ற ஜெனோவத் தளபதி 80க்குச் சற்றுக் குறைந்த துடுப்புப் போர்க்கப்பல்களோடு ஏட்ரியாடிக்குள்ளேயே, வெனிஸின் வீட்டு முற்றத்திலேயே, நுழைந்துவிட்டார். அந்திரேயா தாண்டோலோவின் தலைமையில் வெனிஸ் 90க்கு மேற்பட்ட கப்பல்களை அனுப்பியது. இரு படையும் மோதிய இடம் கோர்ச்சுலாவுக்கும் பெல்யேஷாட்ஸுக்கும் இடையே உள்ள நீர்ப்பரப்பு. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் வென்றார்கள். வெனிஸின் கப்பல்களில் ஒரு சிலவே தப்பின. மற்றவை எரிந்தன அல்லது பிடிபட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் சிறைப்பட்டார்கள். தாண்டோலோ சங்கிலியில் கட்டுண்டு ஜெனோவாவுக்குப் போக மனமில்லாமல், கப்பலின் மரத்தில் தலையை மோதிக்கொண்டு உயிர்விட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. வென்ற டோரியாவுக்கும் இழப்பு உண்டு: மகன் அந்தப் போரிலேயே விழுந்தான், உடலை அங்கேயே கடலில் இறக்கினார்கள் என்கிறார்கள்.

அந்தக் கைதிகளில் மார்க்கோ போலோவும் ஒருவர் என்று 16ஆம் நூற்றாண்டில் அவருடைய நூலை அச்சுக்குக் கொண்டுவந்த ரமூஸியோ எழுதினார். இன்று உலகம் முழுக்க இதுதான் பரவியிருக்கிறது. ஆனால் மார்க்கோவின் காலத்தை ஒட்டி வாழ்ந்த யாக்கோபோ தக்வி என்ற துறவி வேறு சொல்கிறார்: பிடிபட்டது 1296இல், இன்றைய துருக்கியின் தென்கரையில் உள்ள லயாட்ஸோ துறைமுகத்துக்கு அருகே நடந்த சண்டையில். எது சரி என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பிறப்புக் கதையைவிட இந்தப் பிடிபட்ட கதைக்கு வலு அதிகம் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் வெறும் பெயர் ஒற்றுமை. இன்னொரு பக்கம் தேதியும் இடமும் தெரிந்த ஒரு பெரிய போர், அதே ஆண்டில் ஜெனோவாச் சிறையில் உறுதியாக இருந்த ஒரு மனிதர்.

ஏனென்றால் 1298இல் அவர் ஜெனோவாவில் சிறைக் கைதி என்பதில் சந்தேகம் இல்லை. நூலே அதைச் சொல்கிறது. பக்கத்தில் இருந்தவர் பீசா நகரத்து ரஸ்டிச்செல்லோ, வீரக்கதைகள் எழுதிப் பழகியவர். மார்க்கோ சொல்லச் சொல்ல, இத்தாலியம் கலந்த பழைய பிரெஞ்சில் ரஸ்டிச்செல்லோ எழுதினார். ஒரு தோல்வி நடந்திராவிட்டால், ஒரு கைதியின் அருகில் ஓர் எழுத்தாளர் இருந்திராவிட்டால், மார்க்கோ போலோ என்ற பெயர் சில பத்திரங்களிலும் ஓர் உயிலிலும் மட்டுமே கிடந்திருக்கும். கோர்ச்சுலாவின் கோபுரத்தில் ஏறி நிற்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: அந்த மனிதர் இங்கே பிறந்தாரோ இல்லையோ, அந்த நூல் பிறக்க வழி செய்த நாள் இந்தத் தண்ணீரில் நடந்திருக்கக்கூடும். கோபுரத்தின் நாலு பக்கத்திலும் கிழக்கு, தென்கிழக்கு பக்கத்தைப் பாருங்கள். லும்பார்டா கிராமத்தை நோக்கி, குட்டித் தீவுகள் சிதறிக் கிடக்கும் பக்கம் அது. அரை மணி நேரமாவது அங்கே நில்லுங்கள்.

தமிழர்கள் இந்த மனிதருக்காக இவ்வளவு தூரம் மெனக்கெட வேண்டுமா என்று யாராவது கேட்டால், அவர் நம் வீட்டுத் திண்ணை வரை வந்தவர் என்று சொல்லுங்கள். 1290களின் தொடக்கத்தில், மங்கோலிய இளவரசி கோக்கச்சினைப் பாரசீகத்துக்கு அழைத்துப் போகும் கப்பல்களோடு சீனாவிலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டார். அதை அவர் மாபார் என்கிறார். ஐந்து சகோதர அரசர்கள், முத்துக் குளிப்பு, அதில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு, சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கோடு எழுதுகிறார். காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிவரும் கப்பல்களைச் சொல்கிறார். கடன்காரரைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் தரையில் ஒரு வட்டம் கீறிவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவர் அதைத் தாண்டக் கூடாது. அரசரே அப்படி ஒரு வட்டத்துக்குள் நின்றதைத் தாம் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். இங்குள்ளவர்கள் வலக்கையால் மட்டுமே சாப்பிடுகிறார்கள், பாத்திரத்தில் வாய் படாமல் அண்ணாந்து நீர் குடிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் செம்பு நினைவுக்கு வந்தது.

அவர் சீனாவுக்கே போகவில்லை, எல்லாம் கேள்விப்பட்டு எழுதியது என்று ஒரு வாதம் அவ்வப்போது எழும். அதற்கு நல்ல பதில் ஒரு சீன ஆவணத்தில் இருக்கிறது. இளவரசியை அழைத்துப் போக வந்த பாரசீகத் தூதர்கள் மூவரின் பெயரை மார்க்கோ தருகிறார். அதே மூன்று பெயர்களும் 1290ஆம் ஆண்டு அரசாணை ஒன்றில் கிடைத்தன. சீன ஆய்வாளர் யாங் சிஜியூ 1941இல் அதை வெளிக்கொண்டுவந்தார். தூதர்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்றும் அந்த ஆணையில் இருக்கிறது: மாபார் வழியாக. நம் கரையின் பெயரே அவருக்குச் சாட்சி சொல்ல நிற்கிறது. அந்தப் பயணத்தைப் பற்றிச் சீனாவில் பொதுமக்கள் படிக்கும்படி எதுவும் வெளிவராத காலத்தில் ஜெனோவாச் சிறையில் இருந்த ஒருவர் அந்த மூன்று பெயர்களையும் கற்பனையால் எழுதியிருக்க முடியாது.

சரி, பயண விவரத்துக்கு வருகிறேன். குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) சேர்ந்துவிட்டது, அதே நாளில் நாணயமும் யூரோவாக மாறிவிட்டது. இத்தாலிக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். குரோவேஷியாவின் கடற்கரையை நேயும் என்ற இடத்தில் போஸ்னியா நாடு சில கிலோமீட்டருக்கு வெட்டுகிறது. ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்கு பழைய சாலையில் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். 2022 ஜூலையில் திறந்த பெல்யேஷாட்ஸ் பாலம், 2,404 மீட்டர் நீளம், இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது. பேருந்து டிக்கெட் எடுக்கும்போதே பாலம் வழியா, நேயும் வழியா என்று கேட்டுவிடுங்கள்.

வெனிஸிலிருந்து நேராகக் கோர்ச்சுலாவுக்குப் படகு இல்லை. எனக்குப் பிடித்த வழி, ரயிலில் அங்கோனா போய் அங்கிருந்து இரவுக் கப்பலில் ஸ்பிளிட் சேர்வது. காலையில் கண் விழித்தால் டால்மேஷியத் தீவுகள் இரு பக்கமும் நகரும். வெனிஸ் வணிகர்கள் பார்த்த அதே காட்சி; விமானத்தில் இது கிடைக்காது. ஸ்பிளிட்டிலிருந்து கோர்ச்சுலா நகருக்கு விரைவுப் படகில் மூன்று மணி நேரத்துக்குள் போகலாம். ஸ்பிளிட்டில் கார் ஏற்றும் பெரிய கப்பலைப் பிடித்தால் அது தீவின் மேற்கு முனையில் வேலா லூக்காவில் இறக்கும். பழைய ஊர் கிழக்கு முனை, தீவு முழுவதையும் சாலையில் கடக்க வேண்டும். டுப்ரோவ்னிக் பக்கமிருந்து வருபவர்கள் ஒரெபிச் வரை சாலையில் வந்து, கால்வாயைப் படகில் கால் மணி நேரத்தில் கடக்கலாம். சண்டை நடந்த நீர்ப்பரப்பின் ஒரு ஓரத்தையே கடக்கிறீர்கள் என்பதால் முடிந்தால் ஒரு தடவையாவது இப்படி வாருங்கள். செப்டம்பர் நல்ல தேர்வு: கூட்டம் குறைந்திருக்கும், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். மாதக் கடைசியில் படகுகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கும், ஆகவே நேரத்தை முன்கூட்டியே பாருங்கள். மார்க்கோ போலோ வீடும் பராமரிப்புக்காக மூடியிருக்கலாம், கோடை முடிந்ததும் திறக்கும் நேரம் மாறும். ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டு நாள் கேட்டீர்கள், இரண்டு நாள் சரியாக இருக்கும். வீட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். மீதி நேரத்தை ஊருக்குக் கொடுங்கள். தெருக்களை நன்றாகப் பாருங்கள்: மேற்குப் பக்கச் சந்துகள் நேராக ஓடுகின்றன, கோடையின் இதமான கடற்காற்று உள்ளே வரட்டும் என்று. கிழக்குப் பக்கச் சந்துகள் லேசாக வளைந்திருக்கின்றன, குளிர்காலத்தில் மலையிலிருந்து அறையும் போரா காற்று தடைபடட்டும் என்று. படிக்கட்டே இல்லாத ஒரு தெரு மட்டும் உண்டு. காலடியைப் பார்த்து நடக்க வேண்டியதில்லை என்பதால் அதைச் சிந்தனைத் தெரு என்கிறார்கள். பேராலயத்தின் வாசலில் இரு சிங்கங்களையும், குந்தியிருக்கும் ஆதாமையும் ஏவாளையும் பாருங்கள், 15ஆம் நூற்றாண்டில் பொனீனோ என்ற மிலான் சிற்பி செதுக்கியவை. உள்ளே பீடத்தில் உள்ளது வெனிஸ் ஓவியர் தின்தொரெத்தோவின் ஓவியம். கோடை மாலைகளில் மொரேஷ்கா என்ற வாள் நடனம் நடக்கும். முக்காடிட்ட ஒரு பெண்ணுக்காக இரு அரசர்களும் அவர்களது படைகளும் உண்மையான வாள்களை மோதி ஆடுவது. பொறி பறக்கும், பிள்ளைகள் கண்ணிமைக்காமல் பார்ப்பார்கள்.

சாப்பாட்டில் மீன் சாப்பிடுபவர்களுக்குக் குறையே இல்லை. சைவர்கள், பக்கத்துக் கிராமமான ஷ்ர்னோவோவில் பெண்கள் மெல்லிய குச்சியில் உருட்டிச் செய்யும் மக்காருனியைக் கேளுங்கள். வழக்கமாக இறைச்சிக் குழம்போடு வரும். தக்காளியும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்டுத் தரச் சொல்லலாம். உருளைக்கிழங்கோடு வதக்கிய கீரை பிளித்வா எல்லா இடத்திலும் கிடைக்கும், நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

பழைய ஊரின் வாசல் அருகே மார்க்கோ போலோ பெயரில் உருவப் பொம்மைகள் வைத்த காட்சியகம் ஒன்றும் உண்டு. பிள்ளைகள் இருந்தால் போகலாம், பெரியவர்களுக்கு அவசியமில்லை.

வெனிஸைத் திட்டத்தின் கடைசியில் வைக்க முடிந்தால் நல்லது என்று நினைக்கிறேன். கோர்ச்சுலாவின் கடலைப் பார்த்துவிட்டு அந்த 1881ஆம் ஆண்டுக் கல்வெட்டின் முன் நிற்பது வேறு மாதிரி இருக்கும். அங்கிருந்து கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் சான் லொரென்ஸோ தேவாலயம். தம்மை அங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று மார்க்கோ உயிலில் கேட்டிருந்தார், அப்படியே செய்தார்கள். பின்னர் தேவாலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது கல்லறை காணாமல் போனது. வெளிமுகப்புக்குப் பளிங்கு பதிக்காமலே விட்டுவிட்டதால் இன்றும் செங்கல் சுவராக நிற்கிறது. இப்போது அங்கே வழிபாடு இல்லை. கடல்களைப் பற்றிய கண்காட்சிகள் நடத்துகிறார்கள். திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். உள்ளே பெரிய வெற்றுக் கூடம், நடுவில் உயரமான பீடம். அந்தத் தரைக்குக் கீழே எங்கோதான் அவரை வைத்தார்கள்.